மூன்று வறட்டி

நடுவர் ஐயா அவர்களுக்கும் யாங்கோன் பெருமக்களுக்கும் வணக்கம். அந்தக் காலத்துக் கிராமக் குடும்பங்கள் ஆடு மாடுகளிடமிருந்து கிடைத்த எதையும் வீணாக்காமல் பயன்படுத்தியது சிக்கனத்தாலா, பாசத்தாலா என்ற கேள்விக்கு, பாசத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "பாலைக் கறந்தார்கள், ஏரில் பூட்டினார்கள், சாணியைக்கூட விட்டுவைக்கவில்லை, இது பாசமென்றால் கருமித்தனத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். எழுதி வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். அந்தச் சாணியைப் பற்றியே பேசுகிறேன்.

பெகு பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அப்பாயிக்குக் கறுப்பாயி என்றொரு எருமை இருந்தது. அந்தப் பக்கத்து வயல் சேற்றில் அகன்ற குளம்புள்ள எருமைதான் தடுமாறாமல் நடக்கும் என்பதால், உழவும் அதனோடுதான், களத்தில் கதிர் மிதிப்பதும் அதனோடுதான். பசும்பாலைவிடக் கொழுப்பு மிகுந்த அதன் பாலிலிருந்து தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று வீடே நடந்தது. அதன் சாணத்தால் அப்பாயி தரையை மெழுகுவார்; மூங்கில் முறத்தின் இடுக்குகளைப் பூசி அடைப்பார்; மிச்சத்தில் உமியைக் கலந்து பிசைந்து, சுவரில் அறைந்து வறட்டி தட்டுவார். காய்ந்த வறட்டி ஒவ்வொன்றிலும் அவருடைய ஐந்து விரலும் பதிந்திருக்கும். அடுப்பில் எரிந்தது போக மிஞ்சிய சாம்பல் பாத்திரம் துலக்கவும் நாற்றங்காலில் தூவவும் போகும்.

இதைத்தான் அண்ணன் கருமித்தனம் என்கிறார். ஒரு மழைக்கால மாலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆவணி மாதம். பத்து நாளாக அடைமழை. பரணில் காய்ந்த வறட்டி மூன்றே மூன்று. அடுப்பில் உலை ஏற்ற வேண்டும். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறோம். கொட்டிலில் கொசுக்கடி தாளாமல் கறுப்பாயி காலை உதறிக்கொண்டு நிற்கிறது. அப்பாயி இரண்டு வறட்டியைக் கொட்டிலுக்கு எடுத்துப் போய் மூட்டம் போட்டார். ஒன்றே ஒன்று அடுப்புக்கு வந்தது. அன்று எங்களுக்குச் சோறு இல்லை, அரைவேக்காட்டுக் கஞ்சிதான்.

மறுபடியும் சொல்கிறேன் ஐயா. மூன்று வறட்டி. பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று, எருமைக்கு இரண்டு. எந்த ஊர்க் கருமி இப்படிப் பங்கு போடுவான்? "அது வாயில்லா ஜீவன், நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்வீர்கள்" என்றுதான் அப்பாயி சொன்னார்.

முழுக்கச் சுரண்டுவதே நோக்கமானால், அந்தக் குடும்பங்கள் இறைச்சி என்று வந்ததும் ஏன் நின்றுவிட்டன? நமக்காக உழுத மாட்டைத் தின்பது நன்றி கெட்ட செயல் என்று மாட்டிறைச்சியைத் தொடாத பர்மிய உழவர்களை நாம் பார்த்திருக்கிறோம். லெடி சயாடோ என்ற பெருந்துறவி தாமும் மாட்டிறைச்சியை விட்டு, மற்றவர்களையும் விடச் சொன்னார். 2011இல்தான் உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோய் முன்பெல்லாம் ஊருக்குள் வந்தால், கொட்டில் காலியாகும், வயல் தரிசாகும். அப்போது வீட்டில் எழுந்த அழுகை வெறும் நட்டக் கணக்குக்கான அழுகையா, அண்ணா?

கறுப்பாயி ஒரு பங்குனியில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, வயது முதிர்ந்து இறந்துபோனது. வேலியோரத்தில் குழி வெட்டி, மஞ்சள் தெளித்துப் புதைத்தோம். சுவர் நிறைய வறட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் எங்களுக்குச் சோறு பொங்கியது கறுப்பாயிதான். பதின்மூன்றாம் நாள் ஒரே ஒரு வறட்டி மிஞ்சியது. அம்மா அதை அடுப்புக்கு எடுக்கப் போனபோது அப்பாயி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பொழுது சாய்ந்ததும், வெறும் முளைக்குச்சி மட்டும் நின்ற கொட்டிலுக்குள் போய், வழக்கமான இடத்தில் மூட்டம் போட்டுவிட்டு, புகை அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட வரச்சொல்லி எங்களில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.