வைரல் லோடு இறங்கிய பிறகும்

அனைவருக்கும் வணக்கம். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை இன்று பேசலாம். "வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அப்புறம் ஏன் இதயத்தைக் கவனிக்கச் சொல்கிறார்கள்?" நியாயமான கேள்விதான்.

ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கிருமி உடலை விட்டுப் போய்விடவில்லை. நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 என்ற வெள்ளணுக்கள் சிலவற்றின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து உறங்குகிறது. பெருகும் வைரஸைத்தான் மாத்திரை தடுக்கும். உறங்குவதை அதனால் தொட முடியாது. அந்தச் செல்களில் சில அவ்வப்போது வைரஸின் துணுக்குகளை வெளியே விடும். நம் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டு மறுபடி மறுபடி விழித்துக்கொள்ளும். இப்படி ஓயாமல் விழித்திருப்பதைத்தான் அழற்சி என்கிறோம். நாளடைவில் அது ரத்தக் குழாய்களையும் இதயத்தையும் கெடுக்கும்.

பெரிய சேதம் குடலில் நடக்கிறது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 செல்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. காவல் குறைந்த குடல் சுவர் வழியாக, உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. அமெரிக்காவில் டேனியல் டூயக் குழுவினர் இதை 2006-இல் காட்டினார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் அந்தச் சுவர் பலருக்கு முழுதாகச் சீராவதில்லை. அழற்சி அடங்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்காபே என்றொரு குரங்கினம் இருக்கிறது. எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸ் அதன் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும். ஆனாலும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவது மிக மிக அரிது. தொற்றின் தொடக்கத்தில் எழும் அழற்சியை அவற்றின் உடல் சில வாரங்களில் அடக்கிவிடுகிறது. நம் உடலால் அது முடிவதில்லை. எனக்கு இந்த நோயைப் புரியவைத்ததே இந்தக் குரங்குகள்தான். வைரஸ் செய்யும் கேடு ஒரு பாதி. நம் உடலின் ஓயாத பதில் செய்யும் கேடு மறுபாதி.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த 'ஸ்மார்ட்' ஆய்வு இதைத்தான் பார்த்தது. சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்ததும் மீண்டும் கொடுத்தார்கள். இப்படி நிறுத்தியவர்களிடையே இறப்பு அதிகமானது. எய்ட்ஸ் மட்டும் காரணமல்ல, மாரடைப்பும் சிறுநீரக, கல்லீரல் நோய்களும்கூட. 2006-இல் அந்தச் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று யாரும் ஒரு வாரம்கூட மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்மையில் ஒரு நல்ல செய்தி வந்தது. 'ரிப்ரீவ்' என்ற ஆய்வில், இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள், இதய ஆபத்து குறைவு முதல் நடுத்தரம் என்று கணிக்கப்பட்டவர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரையைத் தினம் ஒன்று எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. 2023-இல் முடிவு வெளியானது. கொழுப்பு குறைந்ததால் மட்டும் இவ்வளவு பலன் கிடைத்திருக்குமா, அழற்சி தணிந்ததும் சேர்ந்ததா என்பதை ஆராய்ந்து வருகிறார்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது, பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாட்டின் தனக்குத் தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அதை விடுவதற்கும் அங்கேயே உதவி கேளுங்கள்.