1854 லண்டன் காலராவும் ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலும்

(திரையில்: கரும்பலகையில் 12, 15, 15, 18, 20)

வணக்கம். இந்த ஐந்து எண்களுக்குக் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சில நிமிடங்களில் கண்டுவிடுவார்கள். இவை எவற்றின் எண்கள், யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்று கேட்டால் வகுப்பில் பேச்சே எழாது. அது அவர்களுடைய குறை அன்று. அந்த எண்கள் நாம் பாடத்துக்காக எழுதிப்போட்டவை. ஆகவே, ஒருவர் வீடு வீடாக நடந்து சேர்த்த தரவை இன்று வகுப்புக்குக் கொண்டுவருவோம்.

(திரையில்: தேம்ஸ் ஆறும் தென் லண்டனும் உள்ள வரைபடம்)

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ குடிநீரைச் சந்தேகித்தார். தென் லண்டனின் பல தெருக்களில் இரண்டு நிறுவனங்களின் குடிநீர்க் குழாய்கள் அருகருகே சென்றன. சதர்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் நகரக் கழிவு கலந்த பாட்டர்சீ பகுதியில் ஆற்றுநீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852இலேயே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாறியிருந்தது. மாணவர்களுக்கு வரலாறு இவ்வளவு போதும்.

(திரையில்: அட்டவணை, வீடுகளின் எண்ணிக்கை தாளால் மறைக்கப்பட்டிருக்கிறது)

தொற்றின் முதல் 7 வாரங்களில் சதர்க் நிறுவனத்தின் நீர் சென்ற வீடுகளில் 1,263 பேரும், லாம்பெத் நீர் சென்ற வீடுகளில் 98 பேரும், லண்டனின் மற்றப் பகுதிகளில் 1,422 பேரும் இறந்தார்கள் என்று ஸ்னோவின் அட்டவணை கூறுகிறது. நிலைமை எங்கே மிக மோசம் என்று கேளுங்கள். பலரும் 1,422ஐத்தான் சுட்டுவார்கள். பிறகு தாளை எடுங்கள். வரிசையாக 40,046, 26,107, 2,56,423 வீடுகள். "சார், மூணாவதுல வீடே அத்தனை இருக்கே!" என்று யாராவது சொல்லும்வரை காத்திருப்பது ஆசிரியருக்குக் கடினம்தான்; ஆனாலும் வீதம் என்ற சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதைத் தாமே கண்டடையும் வாய்ப்பு மாணவர்களுக்கு இல்லாமல் போகும்.

10,000 வீடுகளுக்கு எத்தனை இறப்புகள் என்று வகுத்தால், சதர்க் நிறுவனத்துக்கு 315, லாம்பெத்துக்கு ஏறத்தாழ 37 என்று வரும். எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். மற்றப் பகுதிகளுக்கு ஸ்னோவின் நூலில் 59 என்று அச்சாகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தாலோ 55தான் வருகிறது. இதைத் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். அச்சில் வந்த எண்ணைப் பென்சிலால் சரிபார்க்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்கும்.

(திரையில்: கண்ணாடிக் குவளை நீரில் சொட்டும் கரைசல்)

தரவு எப்படிக் கிடைத்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. எந்த நிறுவனத்தின் நீர் வருகிறது என்று குடியிருப்பவர்களுக்கே தெரியாத வீடுகளில், ஸ்னோ அந்த நீரில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்துப் பார்த்தார். பாட்டர்சீ நீரில் உப்பு மிகுதி என்பதால் வெண்ணிற வீழ்படிவு அதிகமாகத் தோன்றும்; அதைக் கொண்டு வீட்டை உரிய கணக்கில் சேர்த்தார். அறிவியல் ஆசிரியரின் துணையோடு உப்புநீரில் இதைச் செய்துகாட்டினால், அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வாசற்படி இருந்தது என்பது மாணவர்களுக்கு விளங்கும்.

(திரையில்: மீண்டும் அட்டவணை)

ஆய்வு இங்கே முடிந்துவிடுவதில்லை. "ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்கலாம். அட்டவணை வீடுகளைத்தான் எண்ணியிருக்கிறது, ஆட்களை அல்ல. இரண்டு நிறுவனங்களும் ஏழை, பணக்காரர், சிறு வீடு, பெரிய வீடு என்ற வேறுபாடின்றி ஒரே தெருக்களில் நீர் வழங்கின என்பது ஸ்னோவின் வாதம். அந்த வாதம் போதுமா, போதாதென்றால் வேறு எதை எண்ணியிருக்க வேண்டும் என்பதை அடுத்த வகுப்புக்குள் குழுக்களாக எழுதிவரச் சொல்லுங்கள்.