மூணாவது மாடி மாமாவின் தாளம் எங்கே தவறியது? | ஹார்ப்சிகார்டும் பைப் ஆர்கனும் நம்மை என்ன செய்கின்றன

[திரையில்: வேட்டி கட்டிய ஒரு தொடை. அதன்மேல் ஒரு வலது கை.]

இந்தக் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சுத்தமான ஆதி தாளம். எங்கள் அடுக்குமாடியின் மூணாவது மாடி மாமாவுடைய கை இது. வருஷா வருஷம் மார்கழி முழுக்க சபா சபாவாக ஏறி இறங்கிப் பழகிய கை.

ஆனால் எதிரே மேடையில் தம்புரா கிடையாது, மிருதங்கம் கிடையாது. ஒற்றை ஆள் ஹார்ப்சிகார்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்பை வாசித்துக்கொண்டிருக்கிறார். நாலு நாலாக எண்ணக்கூடிய நடை. அதனால் மாமாவின் ஆதி தாளம் ஒரு சங்கடமும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு ஆவர்த்தனம் சரியாகப் போயிற்று. மூன்றாவதில் கை தொடையில் இறங்கிவிட்டது, ஸ்வரம் இன்னும் வரவில்லை. ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் வந்தது. மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்ப்பா, இவருக்குத் தாளம் நிக்கலையே?"

நான் அப்போது சும்மா சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு அந்த அரங்கில் இருந்த எல்லோரையும்விட ஹார்ப்சிகார்டின் உயிர்நாடியைத் தொட்டுக் கேட்டவர் அவர்தான் என்று.

[திரையில்: ஹார்ப்சிகார்டின் மூடி திறந்திருக்கிறது. ஒரு கட்டையை அழுத்த, பின்னால் ஒரு மெல்லிய மரச்சட்டம் எழும்புகிறது. மெதுவாகக் காட்டவும்.]

ஹார்ப்சிகார்டைப் பார்த்தால் பியானோவின் ஒல்லியான அண்ணன் மாதிரி இருக்கும். ஒலி பிறக்கும் விதத்தில் அது வீணைக்குத்தான் சொந்தம். பியானோவில் சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கிறது. இதில் கம்பி மீட்டப்படுகிறது. கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை ஒரு மெல்லிய மரச்சட்டத்தை மேலே தள்ளும். அதற்கு ஜாக் என்று பெயர். ஜாக்கின் பக்கவாட்டில் ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டைச் சீவிச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். மேலே போகிற வழியில் அந்த முள் கம்பியைச் சுண்டிவிட்டுப் போகும். விரலை எடுத்தால் ஜாக் கீழே விழும். முள் லேசாக ஒதுங்கிக் கம்பியைத் தாண்டும், மேலே இருக்கும் துணித்துண்டு கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கிவிடும்.

சரி, இதில் என்ன சிக்கல்? நீங்கள் பூ மாதிரித் தொட்டாலும், கோபத்தில் குத்தினாலும், சுண்டல் ஏறக்குறைய ஒன்றுதான். வீணை வித்வான் ஒரு ஸ்வரத்தை அழுத்தி மீட்டலாம், அடுத்ததைத் தடவிவிடலாம். மிருதங்கக்காரர் ஒரு 'தொம்'மில் சபையைத் தூக்கிப் போடலாம். ஹார்ப்சிகார்டில் அதற்கு வழியில்லை. இரண்டு வரிசைக் கட்டைகள் உள்ள வாத்தியத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஒலியை மாற்றலாம். ஆனால் அது மொத்தமாக மாறும், ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் அல்ல.

அப்புறம் எப்படி 'இதுதான் முக்கியமான ஸ்வரம்' என்று காட்டுவது? காக்க வைத்துத்தான். ஸ்வரம் வரவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் கையை எடுத்துவிட்டு, துளி மௌனம் விட்டு, பிறகு தொடுவார்கள். அந்த இடைவெளிக்குப் பின் வருவதால் அதே அளவு ஒலி நம் காதுக்குக் கனமாகப் படுகிறது. நாலு ஸ்வரங்களை ஒன்றாகத் தட்டாமல் சீட்டுக்கட்டை விரிப்பது போல ஒவ்வொன்றாக விரிப்பதும் இந்த ஏமாற்று வித்தையில் சேர்த்திதான். தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளிப் பாட்டு தொடங்குமே, நம் அனாகத எடுப்பு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு தள்ளி என்பதற்குக் கணக்கு உண்டு. இங்கே கணக்கு கிடையாது, வாசிப்பவரின் மூச்சுதான் கணக்கு. மாமாவின் கை தொடையில் காத்துக்கொண்டிருந்ததே, அந்த நொடியைத்தான் கலைஞர் வேண்டுமென்றே செய்து வைத்திருந்தார்.

காத்திருப்பதில் இன்பம் உண்டு என்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு அது. இசை கேட்டுப் புல்லரிக்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான டோபமைன், புல்லரிக்கும் அந்த நொடியில் மட்டும் சுரக்கவில்லை. அதற்குச் சற்று முன்பு, 'வருது, வருது' என்று மனம் எதிர்பார்க்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிட்டது.

இந்தத் தாமதம் பிடிபடாதவர்களுக்கு ஹார்ப்சிகார்ட் தையல் மெஷின்தான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தகரக் கூரைமேல் எலும்புக்கூடுகள் செய்யும் காரியத்தோடு இதன் ஒலியை ஒப்பிட்டு ஒரு கேலி உண்டு. ஆங்கிலேய இசைநடத்துநர் தாமஸ் பீச்சம் சொன்னதாகப் பேச்சு. என்ன காரியம் என்பதைக் குடும்பத்தோடு பார்க்கிற வீடியோவில் சொல்ல முடியாது. நமக்கும் கட்டை வாத்தியத்தோடு பழைய தகராறு உண்டே. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் பேசாது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வாக்கில்தான் கதவு கொஞ்சம் திறந்தது.

[ஒலி: பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ 5, முதல் பகுதியின் கடைசி நிமிடங்கள்.]

கேலி செய்கிறவர்களையும் வாயடைக்க வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாக் 1721இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு எழுதி அனுப்பிய ஆறு கான்செர்ட்டோக்களில், அதாவது தனி வாத்தியங்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளில், ஐந்தாவது. அந்தக் காலத்தில் ஹார்ப்சிகார்டுக்குப் பக்கவாத்திய வேலைதான். பின்னால் உட்கார்ந்து ஸ்ருதிக்கும் நடைக்கும் முட்டுக்கொடுக்கும். இதில் என்ன ஆகிறது என்றால், வயலினும் புல்லாங்குழலும் ஒவ்வொன்றாக ஓய, பக்கவாத்தியம் மட்டும் நிற்காமல் தனியாகக் கிளம்பிவிடுகிறது. 60க்கும் மேற்பட்ட பார்கள், அதாவது மேற்கத்தியத் தாளச் சுற்றுகள். பச்சையாகச் சொன்னால் தனி ஆவர்த்தனம். அடுக்கடுக்காக வேகம் ஏறி, இனி எங்கே போய் முடியப்போகிறது என்று நாம் நாற்காலி நுனிக்கு வரும்போது எல்லா வாத்தியங்களும் ஒன்றாக விழுந்து பல்லவியைப் பிடிக்கும். இதை மாமாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர் கேட்டது: "இதுக்கு யாரும் கேன்டீனுக்கு எழுந்து போகலையா?"

எழுந்து போவதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் மஹான் எஸ்ஃபஹானி என்ற ஈரானில் பிறந்த கலைஞர், அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967இல் எழுதிய படைப்பு ஒன்றை ஹார்ப்சிகார்டில் வாசித்தார். ஒரே சின்னச் சங்கதி திரும்பத் திரும்ப வந்து, பதிவு செய்த இன்னொரு வாசிப்போடு இம்மி இம்மியாக விலகிப் போகும் படைப்பு. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், கைதட்டிக் கெடுத்தார்கள், கூச்சல் போட்டார்கள். அவர் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு அதில் ஒன்று புரிகிறது. தாமதத்தாலும் மௌனத்தாலும் பேசும் வாத்தியத்திடம் அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டு வாசிக்கச் சொன்ன படைப்பு அது. கூச்சல் போட்டதற்கு அது சமாதானம் ஆகாது.

சரி, பைப் ஆர்கன் கேட்க எழும்பூருக்குப் போவோம்.

[திரையில்: செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச், உள்ளே. நீலக் குவிமாடம், பொன் நட்சத்திரங்கள். கேமரா மெல்ல இறங்கி ஆர்கன் குழாய்களில் நிற்கிறது.]

ஊரில் 'கர்க்' என்று சொல்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். 1821இல் திறந்தது. வட்டமான கூடம், குவிமாடத்தைத் தாங்க 16 தூண்கள். சாம்பலும் பொன்னுமாக நிற்கும் இந்த ஆர்கன் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் செய்து கப்பலேறி வந்து 1883இல் பொருத்தப்பட்டது. கதீட்ரல் ரோட்டு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலும் பைப் ஆர்கன் உண்டு.

ஆர்கனிலும் அழுத்தத்துக்குத் தகுந்த சத்தம் கிடையாது. கட்டை என்பது குழாய்க்குள் காற்றைத் திறந்துவிடும் கதவு, அவ்வளவுதான். ஆனால் ஹார்ப்சிகார்டில் சுண்டிய ஒலி அப்போதே தேயத் தொடங்கும். இதில் விரல் இருக்கும்வரை ஒலி அப்படியே நிற்கும், ஒத்து நாயனம் மாதிரி. பக்கத்தில் இருக்கும் குமிழ்களை இழுத்தால் புதுப்புதுக் குழாய் வரிசைகள் சேர்ந்துகொள்ளும். ஒரே மனிதர் ஒரு நாயனத்திலிருந்து ஊர் மேளம் முழுவதற்கும் போய்விடலாம். அவர் முகம் நமக்குத் தெரியாது என்பது இன்னொரு விசேஷம். பல சர்ச்சுகளில் முதுகுதான் தெரியும், சில இடங்களில் அதுவும் இல்லை. பாடகரின் முகத்தையும் கையையும் பார்த்துத் தலையாட்டிப் பழகிய சென்னைக்காரருக்கு இது ஒரு மாதிரித் தவிப்பு. யாரைப் பார்த்து 'பலே' சொல்வது?

பார்க்க முடிந்தால் கால்களைப் பாருங்கள். கால் கட்டைகள்தான் ஆர்கனின் அடித்தளம். 1732இல் காஸல் நகரில் பாக் வாசித்ததைப் பற்றி கான்ஸ்டன்டின் பெல்லர்மன் என்பவர் 1743இல் எழுதி வைத்திருக்கிறார். கால்களுக்கு இறக்கை முளைத்தது போல வாசித்தாராம். கேட்ட இளவரசர் தன் விரலிலிருந்த மோதிரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டார். காலுக்கே மோதிரம் என்றால் கையையும் சேர்த்திருந்தால் என்ன கொடுத்திருப்பாரோ என்று பெல்லர்மன் வியக்கிறார். அதே பாக்கை 1706இல், 20 வயதில், ஆர்ன்ஸ்டாட் சர்ச் நிர்வாகத்தார் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். துதிப்பாட்டுக்கு நடுவே என்னென்னவோ விசித்திரச் சங்கதிகளைச் சேர்க்கிறாய், பாடுகிற சபை குழம்பிப்போகிறது என்று. கேட்டவர்கள் பாடவும் வேண்டியிருந்தது அல்லவா, குறை நியாயமானதுதான்.

[ஒலி: மிகத் தாழ்ந்த ஒரு கால்கட்டை ஸ்வரம், ஐந்து நொடி.]

இப்போது என்ன கேட்டது? போனில் பார்த்துக்கொண்டிருந்தால் அனேகமாக ஒன்றும் கேட்டிருக்காது. 16 அடி நீளத் திறந்த குழாயின் அடி ஸ்வரம் நொடிக்குச் சுமார் 32 அதிர்வு. 32 அடிக் குழாய் என்றால் 16 அதிர்வு, காதின் எல்லைக்கே கீழே. அதைக் கேட்பதைவிட உடம்பால் உணர்வதுதான் அதிகம். 2003இல் லண்டனில் இதை ஒரு கச்சேரியாகவே வைத்துச் சோதித்தார்கள். ஏழு மீட்டர் கழிவுநீர்க் குழாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, சில படைப்புகளின்போது மட்டும் நொடிக்கு 17 அதிர்வுள்ள ஒலியை நைசாகக் கலந்துவிட்டார்கள். எதில் என்று யாருக்கும் சொல்லவில்லை. அது கலந்த நேரங்களில் கூடுதலான பேர் இனம் தெரியாத படபடப்பு, சோகம், சில்லிப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆர்கன் கேட்டு 'சாமி வந்த மாதிரி' என்று யாராவது சொன்னால் நான் இப்போது சிரிப்பதில்லை.

மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் கிளம்பும்போது வாசிக்கப்படுவதுதான் பெரும்பாலும் ஆர்கனிஸ்ட்டின் கைவரிசை தெரியும் இடம். உலகம் முழுக்க அதற்குக் கிடைக்கும் மரியாதை கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குக் கிடைப்பதுதான். செருப்பு தேடுவார்கள், நலம் விசாரிப்பார்கள், குழந்தையை அதட்டுவார்கள். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் வழக்கம்போல மாமாவின் வலது கையைப் பார்த்தேன். தொடையில் இல்லை. உள்ளங்கையை விரித்து, பெஞ்சின் மரத்தில் ஒட்டி வைத்திருந்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

கடைசி ஒலி அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"தாளம் போடலையா மாமா?"

"இரு, இன்னும் பெஞ்சு முடிக்கலை."