டாஷ்போர்டைக் கழற்றும் முன்: பழைய கார்களின் ஹீற்றர் கோர்

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார் திருத்தும் தொழில் செய்பவன். குளிர்காலம் வருவதற்கு முன் காரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தார் கேட்டார்கள். ஸ்நோ டயரையும் பற்றரியையும் பற்றி ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதனால் நான் ஹீற்றர் கோரைப் பற்றிப் பேசுகிறேன். நவம்பர் பிறந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்கள் "ஹீற்றரில் குளிர் காற்றுத்தான் வருகிறது" என்று வரத் தொடங்குவார்கள். பலர் வரும்போதே, கோர் போய்விட்டது, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று வேறெங்கோ கேட்ட தீர்ப்போடு வருகிறார்கள். பார்த்தால் கோர் நன்றாகவே இருக்கும்.

ஹீற்றர் கோர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ரேடியேற்றர். எஞ்சினைக் குளிர்விக்க அதனூடாக ஓடும் திரவம்தான் கூலன்ற். எஞ்சினில் சூடான அந்தக் கூலன்ற் ஒரு ரப்பர் குழாயால் உள்ளே வந்து மற்றதால் திரும்பிப் போகும். விசிறி அதனூடாகக் காற்றை ஊதும். அவ்வளவுதான். எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளுகிற சூட்டில்தான் நாங்கள் குளிர் காய்கிறோம். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த உரையை இங்கேயே நிறுத்திவிடலாம். அந்த எஞ்சின் காற்றால் குளிர்வது, அதில் கூலன்றும் இல்லை, கோரும் இல்லை.

சரி, சூடு வரவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கூலன்ற் மட்டம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருப்பது முகத்தில்தான் பாயும். மட்டம் சரி என்றால் காரைச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு பொனற்றைத் திறவுங்கள். எஞ்சினுக்கும் கார் உட்பக்கத்துக்கும் இடையில் உள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு ரப்பர் குழாய்கள் போகும். இரண்டையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் கை வைக்க முடியாத சூடு, ஆனால் உள்ளே குளிர் காற்று என்றால், கோரில் பிழை இல்லை. சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்கும் ஒரு சின்னக் கதவு டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதைத் திருப்பும் மோட்டாரின் பிளாஸ்ரிக் பல்லு உடைந்திருக்கும். காரை இயக்கியதும் டாஷ்போர்டுக்குள் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் அநேகமாக அதுதான். ஒரு குழாய் கடும் சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோருக்குள் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் பிழை எஞ்சின் பக்கம்: எஞ்சின் சூடாகும்வரை கூலன்றை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகியிருக்கலாம், சில கார்களில் ஹீற்றர் குழாயில் உள்ள வால்வு மூடியபடி நின்றிருக்கலாம்.

தேர்மோஸ்ராற்றைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. 401 நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது சூடு குறைந்து, வெப்பமானி முள்ளும் கீழே இறங்கி, நெரிசலில் நிற்கும்போது திரும்ப ஏறுகிறதா? தேர்மோஸ்ராற்தான். இதற்கு நேர் எதிராக, ஓடும்போது சூடும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது குளிரும் வந்தால், கூலன்ற் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று சிக்கியிருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். காற்று சிக்கியிருந்தால் காரை இயக்கியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவதுபோல் களகளவென்று கேட்கும். காற்றை வெளியேற்றுவது பெரிய வேலை அல்ல. அது திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எங்கோ ஒழுகுகிறது, அல்லது எஞ்சினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெற் போய் எஞ்சினின் புகை கூலன்றுக்குள் ஏறுகிறது.

இனி ஒழுக்கு. கோர் உண்மையில் ஓட்டையானால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காருக்குள் ஒரு இனிப்பு மணம் அடிக்கும். முன் கண்ணாடியின் உட்பக்கம் புகாராகும். துடைத்தால் எண்ணெய்ப் பசைபோல் இழுபடும். பயணி இருக்கும் பக்கத்துக் கார்ப்பெற் நனையும். ஆனால் எங்கள் ஊரில் ஜனவரியில் எந்தக் காரின் கார்ப்பெற்தான் நனையாமல் இருக்கிறது? சப்பாத்தில் வந்த ஸ்நோ உருகினாலும் ஈரம்தான். கோடையில் ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அதே இடத்தில்தான் ஈரம். ஒரு வெள்ளைக் கடதாசித் துவாயால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வழுவழுப்பும் இனிப்பு மணமும் இருந்தால் கூலன்ற். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்.

பின்னிருக்கைக்கும் ஹீற்றர் உள்ள மினிவேன் என்றால், டாஷ்போர்டைக் குறைசொல்லும் முன் காருக்கு அடியில் பாருங்கள். பின்பக்கம் போகும் நீளமான உலோகக் குழாய்கள் வீதியில் கொட்டும் உப்பில் துருப்பிடித்து ஓட்டையாகும். கூலன்ற் குறைகிறது, உள்ளே ஈரமும் இல்லை மணமும் இல்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

கோர் ஏன் போகிறது? வயதால் என்று சொல்வார்கள். நான் கூலன்றைத்தான் சொல்வேன். பழைய கோர்கள் செப்பும் பித்தளையும் ஈயப்பற்றும் கொண்டவை. பிந்தியவை மெல்லிய அலுமினியம். இரண்டையும் அரிப்பிலிருந்து காப்பது கூலன்றில் கலந்துள்ள இரசாயனங்கள். அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். உறையாமல் காக்கும் கிளைக்கோல் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் உறைநிலையை மட்டும் அளந்துவிட்டு "கூலன்ற் நல்லது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பழைய பச்சைக் கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீண்டகால வகைகள் பொதுவாக ஐந்து வருடம் தாங்கும். திறந்து பார்க்கும்போது சாயத் தேநீர் நிறத்தில் இருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

நிறத்தை நம்பி கூலன்ற் வாங்காதீர்கள். பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, நீலம் என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்குப் போடும் சாயம். காரோடு வந்த கைநூலில் எந்த வகை என்று இருக்கும், அதை வாங்குங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 பாகை வரை உறையாது. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 பாகை அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். கலப்பது வடித்த தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் கோரின் ஒடுக்கமான வழிகளில்தான் போய்ப் படியும்.

ஒழுக்கை அடைக்கும் மருந்து என்று போத்தலில் விற்கிறார்கள். அது ஓட்டையை அடைக்கும், உண்மைதான். ஆனால் எது ஓட்டை, எது வழி என்று அதற்குத் தெரியாது. ரேடியேற்றரில் ஒழுகுகிறது என்று ஊற்றிய மருந்தால் ஹீற்றர் கோர் அடைபட்ட கார்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் உடைக்கக் கொடுக்கப் போகிற கார் என்றால் ஊற்றுங்கள். மற்றபடி வேண்டாம்.

அடைப்பு மட்டும்தான் என்றால் கழுவிப் பார்க்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு குழாய்களையும் கழற்றி, கூலன்ற் வழக்கமாக வெளியே வரும் பக்கத்தால் தண்ணீரை உள்ளே விட வேண்டும். தோட்டக் குழாயை முழு வேகத்தில் திறந்தால் பழைய கோர் வெடித்துவிடும், மெதுவாக விடுங்கள். இன்னொன்று, இறுகிப்போன ரப்பர் குழாயை முறுக்கி இழுக்காதீர்கள். கோரில் குழாய் மாட்டும் முனை பிய்ந்து வரும். குழாயை நீளவாக்கில் வெட்டி உரித்து எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். குழாய் மலிவு, கோரை மாற்றும் கூலி மலிவில்லை.

சில பழைய கார்களில் கோரைக் கையுறைப் பெட்டி வழியாகவே எடுத்துவிடலாம். பலவற்றில் டாஷ்போர்ட் முழுவதும் வெளியே வர வேண்டும். ஏசியின் பாகங்களும் கழன்றால்தான் வேலை நடக்கும் என்ற கார்களில் முதலில் ஏசிக்குள் இருக்கும் காஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அந்த வேலைக்குத் தனிச் சான்றிதழ் தேவை. விலை கேட்கும்போது அதுவும் சேர்ந்ததா என்று கேளுங்கள். கோரை மாற்றும் நாளிலேயே குழாய்களையும் அந்தக் கதவு மோட்டாரையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு முறை டாஷ்போர்டைக் கழற்றக் காசு கொடுக்க வேண்டாம்.

கார் அந்தச் செலவுக்குப் பெறுமதி இல்லை என்றால், இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து கோரை விலக்கிவிடலாம். கோடை முழுக்க அப்படி ஓடலாம். குளிர்காலத்தில் கூடாது. குளிரைக்கூட ஜாக்கெற்றால் தாங்கிவிடலாம். முன் கண்ணாடியின் பனியை உருக்க வேறு வழி இல்லை.

வீட்டில் கூலன்றை வடிப்பவர்களுக்கு ஒன்று. அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் சாவதற்கு. நிலத்திலும் வீதிச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். இறுக்கி மூடிய கொள்கலனில் என்ன இருக்கிறது என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, ரொறன்ரோ நகரசபையின் அபாயகரமான கழிவுகளை ஏற்கும் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.