செல்போன் படம் கலையாகுமா?

நேயர்களுக்கு வணக்கம். செல்போனில் எடுக்கும் படம் கலையாகுமா என்று கேட்டால், ஆகும் என்றுதான் சொல்வேன். நாகர்கோவிலில் ஸ்டூடியோ நடத்தி, இருட்டறையில் ஃபிலிம் கழுவிப் பழகியவன் சொல்கிறேன்.

"பட்டனைத் தட்டினால் படம், இதில் என்ன கலை?" என்பார்கள். இது பழைய பாட்டு. 1859-லேயே பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், தேறாத ஓவியர்களின் புகலிடம் புகைப்படம் என்று எழுதிவிட்டார். 1888-ல் கோடக் கேமரா வந்தது. உள்ளே 100 படத்துக்கு ஃபிலிம் இருக்கும். எடுத்து முடித்து கேமராவையே கம்பெனிக்கு அனுப்பினால் அவர்களே கழுவி பிரிண்ட் போட்டுத் தருவார்கள். அப்போதும் பட்டனைத் தட்டுவது மட்டும்தான் நம் வேலை.

தோவாளை பூச்சந்தைக்கு விடியுமுன் போயிருப்பீர்கள். அங்கே ஒரு அக்கா, கேரள வியாபாரிகளுக்குப் பிச்சிப்பூவைப் படம் எடுத்து அனுப்புவார். திரையில் பூக்குவியலைத் தொட்டு, விரலைக் கீழே இழுப்பார். பின்னால் சாக்கு, கூட்டம் எல்லாம் இருண்டுபோகும். மொட்டு மட்டும் வெள்ளையாய் நிற்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பூ பூவாட்டு தெரியணும்லா சார்" என்றார். அதுகூடப் பெரிதில்லை. அதே போனில் இன்னொரு படம் காட்டினார். பூவெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு தராசுத் தட்டு. ஈரத்தில் ஒட்டிய இரண்டு இதழ், ஓரத்தில் பல்பு வெளிச்சம். இது யாருக்கு அனுப்ப என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் இல்ல சார். கண்டப்போ நல்லா இருந்து, எடுத்தேன்." விற்க எடுத்ததல்ல, கேட்டு எடுத்ததல்ல. கண்டதும் நின்று எடுத்தது. இதைக் கலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். முட்டம் பாறையில் அந்தி சாய்ந்தபின் படம் எடுத்தால், போன் அடுத்தடுத்துப் பல படம் பிடித்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டைப் பகலாக்கித் தந்துவிடும். நீங்கள் கண்ட அந்தி அதில் இருக்காது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைப் போன் தீர்மானிக்க விடாதீர்கள். அந்த அக்கா மாதிரி தொட்டு, கீழே இழுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: தொட்டு, கீழே இழுங்கள். அங்கேதான் படம் உங்களுடையதாகிறது.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். பிரிண்ட் போடுவதைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன். பிடித்த பத்துப் படத்தையாவது வருஷந்தோறும் பிரிண்ட் போட்டு, பின்புறம் ஊரும் தேதியும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை அடுத்த படத்தில் ஒட்டிவிடும். வணக்கம்.