ஏசியே போடவில்லை, ஆனால் சில்லர் பில் 231 திர்ஹாம்!

வணக்கம் மக்களே. இன்று சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. என் போனைப் பாருங்கள். தெரிகிறதா? 231 திர்ஹாம். துபாயில் என் வீட்டுக்கு வந்த ஜூலை மாத சில்லர் பில். ஜூலை முழுக்க நான் எங்கே இருந்தேன்? மதுரையில்! அம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான்கு வீடியோ போட்டேனே, நீங்கள்தானே சாட்சி.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் கராமாவில் ஷேரிங் ரூமில் இருந்துவிட்டு, ஏப்ரலில் பிசினஸ் பேயில் 31ஆவது மாடிக்கு வந்தேன். ஒரு பெட்ரூம், வருடத்துக்கு 1,10,000 திர்ஹாம். இந்த மாதிரி கட்டடங்களில் தனித்தனி ஏசி பெட்டி கிடையாது. எங்கோ ஒரு பெரிய பிளான்ட்டில் தண்ணீரைக் குளிர வைத்து, குழாய் வழியாக டவர் டவராக அனுப்புகிறார்கள். அதுதான் சில்லர். அதற்குப் பில் தனி. நாம் இழுத்த குளிருக்கு ஒரு கணக்கு. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் நம் பெயரில் ஒதுக்கி வைத்ததற்கு இன்னொரு கணக்கு. இந்த 231 அந்த இரண்டாவது கணக்குதான். யாரும் இல்லாத வீட்டுக்கு!

‘அக்கா, சில்லர் ஃப்ரீயா, அதாவது அந்தப் பில் வாடகையிலேயே அடக்கமா என்று கேளுங்கள்’ என்று வீடு பார்த்த வீடியோவிலேயே எத்தனை பேர் எழுதினீர்கள். நான் கேட்டேனா? ஜன்னலில் புர்ஜ் கலீஃபா தெரிந்ததும் வாய் அடைத்துப்போய் நின்றேன். புரோக்கரும் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

231 திர்ஹாமுக்கு கராமாவில் பத்துப் பன்னிரண்டு நாள் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். அப்பளம் தனி.

இன்னொரு கூத்து கேளுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று ஏசியைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் போனேன் இல்லையா? திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் என் தோல் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம். ‘துபாய் வெயில் காலத்தில் ஏசியை அணைத்துவிட்டா போவார்கள்? 26ல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்’ என்று பக்கத்து வீட்டு மலையாளி சேச்சி சிரிக்கிறார். ஆக, பில்லும் போச்சு, பையும் போச்சு.

ஆ, மொத்தச் செலவைச் சொல்கிறேன் என்று போன தடவை சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். வாடகை நான்கு செக், ஒன்று 27,500. டெபாசிட் 5 சதவீதம், 5,500. புரோக்கர் கமிஷனும் 5,500, அதற்கு வாட் 275. தேவாவுக்கு, அதாவது இங்கே கரண்ட், தண்ணீர் கொடுக்கும் வாரியத்துக்கு, டெபாசிட் 2,000. அப்புறம் வாடகை ஒப்பந்தத்தை அரசாங்கத்தில் பதிய வேண்டும், அதற்குப் பெயர் இஜாரி. அரபியில் இஜாரி என்றால் ‘என் வாடகை’ என்று அர்த்தமாம். பெயர் பொருத்தம்தான்! வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக்கு வீட்டுக் கட்டணம் வேறு, பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்ந்து வரும். எனக்கு 458. ஆனால் இதெல்லாம் முன்பே தெரிந்த செலவு, கோபமில்லை. அந்த 231தான் வயிற்றெரிச்சல்.

சரி, ஒரு நல்ல செய்தி. துணி காயப்போடும் பிரச்சினை தீர்ந்தது! பால்கனியில் காயப்போட இங்கே நகராட்சியே தடை போட்டிருக்கிறது. வந்த முதல் வாரமே செக்யூரிட்டி பாய் மேலே வந்து, ‘மேடம், அந்தத் துண்டு...’ என்று நெளிந்தார். இப்போது மடக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்கி ஹாலில் கண்ணாடி ஓரமாகப் போட்டுவிட்டேன். வெயில் உள்ளேயே வருகிறது, இரண்டு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். அப்பா மறந்து என் பெட்டியில் வைத்த எட்டு முழ வேட்டி காய்கிறது. அதற்குப் பின்னால்தான் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா. உச்சி மட்டும் தெரிகிறதா? மீதியை வேட்டி மறைத்துவிட்டது. இந்தக் காட்சிக்குத்தான் 1,10,000.

இருங்கள், மதுரைக்கு வீடியோ கால் போட்டு அப்பாவிடம் இதைக் காட்டிவிட்டு வருகிறேன்.