ஜனவரி 1-ல் காக்கைக்கும் மவுசு வரும்: வீட்டுத் தோட்டத்துப் பறவைப் பட்டியல்

(திரையில்: முருங்கை மரத்தடி, காய்ந்த சருகு, மங்கலான வெளிச்சம். இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை.)

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

நான் இதைப் பதிவு செய்தபோது சாயங்காலம் ஆறு மணி. மறுநாள் காலை ஆறு மணிக்கும் இதே சீழ்க்கை, இதே மரத்தடியில். இந்தப் பறவை அக்டோபரில் வந்து இறங்குவதற்குப் பத்து நாள் முன்னாலேயே, "அடுத்த வாரம் விருந்தாளி வருகிறார், சருகைப் பெருக்காதீர்கள்" என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். சொன்னபடியே வந்தது! எனக்கு ஜோசியம் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் என்ன எழுதுகிறேன், நீங்கள் எப்படி எழுதலாம், அந்தப் பறவை யார், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

வணக்கம். வீடு தாம்பரம் பக்கம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, சுவரோரம் ஒரு தேன்பழ மரம், அவ்வளவுதான். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களும் இந்த வேலையைச் செய்யலாம்.

வேலை இதுதான். ஜனவரி 1 அன்று புதுப் பக்கம். வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி பார்க்கும் ஒவ்வொரு பறவை இனத்தையும், முதன்முதலில் பார்த்த தேதியோடு, ஒரே ஒரு முறை எழுத வேண்டும். டிசம்பர் 31 அன்று கணக்கு முடியும். மறுநாள் காலை மறுபடியும் பூஜ்யம்.

கொஞ்சம் வரலாறு, வேகமாக. பிரிட்டனில் 1979 முதல் தோட்டத்துப் பறவைகளை மக்களே எண்ணிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய பிப்ரவரிக் கணக்கெடுப்பு இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உண்டு. வரலாறு முடிந்தது.

சரி, ஏன் வருஷா வருஷம் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும்? இதற்குத்தான் எனக்கு இந்தப் பட்டியல் இவ்வளவு பிடிக்கிறது. வாழ்நாள் பட்டியல் வைத்திருந்தால், காக்கையை ஒரு முறை எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். வருடப் பட்டியலில் ஜனவரி 1 காலையில் காக்கைதான் ராஜா. அம்மா மதில்மேல் சோறு வைக்கிறார், காக்கை வருகிறது, நான் நோட்டில் "1" என்று எழுதுகிறேன். பிறகு மைனா. பிறகு தவிட்டுக்குருவிகள், ஒரு கூட்டமே கத்திக்கொண்டு. காலைச் சாப்பாட்டுக்குள் பதினைந்து வந்துவிடும். பழகிப்போய் நாம் பார்ப்பதையே நிறுத்திவிட்ட பறவைகளை அந்த ஒரு நாள் மறுபடியும் பார்க்க வைக்கிறது.

அடுத்து விதிகள். இதில் சண்டை வராத வீடே இல்லை.

தலைக்கு மேலே பறந்து போகும் கரும்பருந்து கணக்கில் சேருமா? சேரும். நம் கால் தோட்டத்தில் இருந்தால் போதும், பறவை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் வல்லூறு? அதுவும் சேரும். கூண்டிலிருந்து தப்பி வந்த லவ் பேர்ட்ஸ்? சேராது. பாவம்தான், ஆனாலும் சேராது. குரல் மட்டும் கேட்டால்? என் தீர்ப்பு, குரல் சந்தேகமில்லாமல் தெரிந்தால் எழுதலாம். கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தால் குயிலை எழுத மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அது கறிவேப்பிலைப் பழத்துக்கு வரும்போதுதான் எங்கள் வீட்டில் முகம் காட்டும். ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இரண்டையும் வேறு வேறு பறவை என்று எழுதி எண்ணிக்கையை ஏற்றிவிடாதீர்கள்.

செப்டம்பர் வந்ததும் பட்டியல் சூடு பிடிக்கும். முதலில் பழுப்புக் கீச்சான், மின்கம்பியில் உட்கார்ந்து கரகரவென்று திட்டிக்கொண்டே வரும். அப்புறம் கறிவேப்பிலைப் புதருக்குள் "செக்... செக்" என்று யாரோ நாக்கைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். ஆளைப் பார்ப்பது கஷ்டம். அதுதான் பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பன்னிரண்டு கிராம் வரும். இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த எடையை வைத்துக்கொண்டு ரஷ்யா, சைபீரியா பக்கத்துப் புதர்களிலிருந்து கிளம்பி நம் ஊர் கறிவேப்பிலைக்கு வருகிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

(திரையில்: முதல் காட்சியின் சருகு. மெதுவாக ஒரு பறவை தத்தி வருகிறது.)

இப்போது நம் விருந்தாளி. பெயர் ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று விடியும்போதும் அடையும்போதும் கூப்பிடுவதால் நம் ஆட்கள் வைத்த பெயர். எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருந்தால் இப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்! வடக்கே இதற்கு நவ்ரங் என்று பெயர், ஒன்பது நிறம். முதுகு பச்சை, இறக்கையில் பளபளக்கும் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும்படி குட்டை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ராத்திரியில்தான் பயணம். களைத்துப்போய் விடியற்காலையில் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். மொட்டை மாடி, மாடிப்படி, சில சமயம் குளியலறை ஜன்னல்.

கண்ணாடியில் மோதி விழுந்து கிடந்தால் பதறாதீர்கள். ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டியில் மெதுவாக வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள். காயம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

என் நோட்டில் இதன் முதல் வருகை: 2021 அக்டோபர் 9. 2022 அக்டோபர் 14. 2023 அக்டோபர் 6. 2024 அக்டோபர் 11. நான் முன்கூட்டியே சொன்ன ரகசியம் இந்த நான்கு வரிதான்.

இலங்கையில் இதைப் பற்றி ஓர் அழகான கதை உண்டு. தன் ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டது என்று இந்தக் குருவி முறையிடுகிறதாம், அந்தச் சீழ்க்கைதான் புகாராம். எங்கள் பட்டியலில் இப்போது மயிலும் இருக்கிறது. பின்பக்கக் காலிமனையில் இரண்டு வருஷமாக நடமாட்டம். புகார் கொடுத்தவரும் திருடியவரும் ஒரே பக்கத்தில், பதினோரு வரி இடைவெளியில்!

மயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம் ஏறத்தாழ 30,000 பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த 3 கோடி குறிப்புகள். மயில் பெருகியிருப்பது அப்படித்தான் எண்களில் தெரிந்தது. சிட்டுக்குருவி நாடு முழுக்க அழிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். 2020 அறிக்கை, மொத்தத்தில் அது ஓரளவு நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று சொன்னது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், நோட்டில் எழுதுவதை, பறவைக் குறிப்புகளைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) இணையதளத்திலும் போடுங்கள். இலவசம். பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் அது ஒரு பட்டியல். காக்கை, மைனா, புறா மூன்றுதான் இருந்ததா? அதையே போடுங்கள். என்ன இல்லை என்பதும் அதில் பதிவாகிறது.

சாமான்? நோட்டு, பேனா, முடிந்தால் ஒரு பைனாகுலர். ஒரு மண்சட்டியில் தண்ணீர், தினமும் மாற்றுங்கள். பெயர் தெரியாத குரலுக்கு மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாமல் பறவையையும் தேடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மரத்தடிச் சருகைப் பெருக்கி எரிக்காதீர்கள். ஆறுமணிக்குருவிக்குச் சாப்பாடு அதற்கு அடியில்தான் இருக்கிறது.

போன வருஷம் 47 இனம். இந்த வருஷம் இதுவரை 44. கொண்டலாத்தி இன்னும் வரவில்லை, புள்ளி ஆந்தையும் இந்த வருஷம் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை, அதுதான் மனசை உறுத்துகிறது. பக்கத்துத் தெருவில் இருந்த பழைய புளியமரத்தை மே மாதம் வெட்டிவிட்டார்கள். உங்கள் தெருவில் ஆந்தை கூப்பிடுகிறதா? ஊர்ப் பெயரும் கேட்ட தேதியும் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.